முதலில் வந்த பரிசு

காட்டியல், வேளாண்மை, தாவரவியல் முதலிய இயற்கை வளத் துறைகளில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயில்வோருக்கு உதவித்தொகை வழங்கும் தேர்வுக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் நான் உறுப்பினராக இருந்தேன். விண்ணப்பப் படிவம் பன்னிரண்டு பக்கம். வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, பெற்ற பதக்கங்கள் எத்தனை, பங்கேற்ற கருத்தரங்குகள் எத்தனை என்று கட்டம் கட்டமாக அது கேட்கும். கட்டங்களை நிரப்பியவருக்கே பெரும்பாலும் தொகை போய்ச் சேரும். ஓராண்டு, ஒரு மாணவியின் படிவத்தில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. மதிப்பெண்ணில் குறையில்லை, இரண்டு ஆண்டுகள் ஒரு பள்ளியில் பாடம் நடத்தியிருந்தார், தம் ஊர்க் குளக்கரைச் செடிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இணைத்திருந்தார். அந்த ஒரு பக்கம் நன்றாக இருந்தது. ஆயினும் நாங்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மறுப்புப் பட்டியலில் நானும் கையெழுத்திட்டேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தவர் ஜானகி அம்மாள். 1924-ஆம் ஆண்டில் அவர் எங்கள் படிவத்தை நிரப்ப நேர்ந்திருந்தால், அதிலும் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகவே இருந்திருக்கும்.

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். தலச்சேரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தை கிருஷ்ணன் துணை நீதிபதி. அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதைத் தோட்டத்துக்கும் பறவைகளுக்கும் கொடுத்தவர். வட மலபாரின் பறவைகளைப் பற்றி எழுதியவர். தாய்வழிப் பாட்டனார் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. குடும்பம் சார்ந்திருந்த தீயர் சமூகத்தை அன்றைய சாதி அடுக்கு கீழே வைத்திருந்தது. உடன்பிறந்தோர் மிகப் பலர். சகோதரிகள் ஒவ்வொருவராக மணமாகிப் போயினர். ஜானகி சென்னைக்குப் படிக்கப் போனார். ராணி மேரிக் கல்லூரியில் இளங்கலை, 1921-இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சிறப்புப் பட்டம், பின்னர் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி. இந்த அளவில் அவர் நின்றிருந்தால், நல்லாசிரியர் என்று சில மாணவியர் நினைவுகூர்ந்திருப்பர். அதற்கு மேல் ஒன்றும் இருந்திராது.

அப்போதுதான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்போர் உதவித்தொகை வந்தது. அதன் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. லெவி பார்போர் டெட்ராய்ட் நகர வழக்கறிஞர். மிச்சிகனில் படித்தவர், பின்னர் அதன் ஆட்சிக் குழுவிலும் இருந்தவர். சீனப் பெண்கள் இருவர், ஷி மெய்யூ, காங் செங் என்போர், 1896-இல் மிச்சிகனில் மருத்துவப் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பியிருந்தனர். ஆசியப் பயணத்தில், மிச்சிகனில் படித்த இத்தகைய பெண்கள் தத்தம் ஊரில் ஆற்றிவந்த பணியைப் பார்போர் நேரில் கண்டார். ஊர் திரும்பியதும் ஆசியப் பெண்கள் மிச்சிகனில் பயில்வதற்கென்றே பெருந்தொகையை ஒதுக்கினார். 1917-இல் அந்த அறக்கட்டளை முறையாக நிறுவப்பட்டது. வந்து படியுங்கள், கற்றதில் நல்லதை உங்கள் மக்களிடம் கொண்டு செல்லுங்கள் என்பதே அவரது எதிர்பார்ப்பு. அவர் காசு கொடுத்தது ஒருவர் செய்து முடித்த சாதனைக்கு அல்ல. இனி என்ன செய்யக்கூடும் என்பதற்கு.

எந்தச் சூழலில் இது நிகழ்ந்தது என்பதையும் கருத வேண்டும். ஜானகி அமெரிக்கா சென்ற 1924-ஆம் ஆண்டில்தான் ஆசியர் குடியேற்றத்தை ஏறக்குறைய முற்றிலும் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு, இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அவர்களது உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் ஜானகியும் நிறுத்திவைக்கப்பட்டார். நீண்ட கூந்தலையும் பட்டுப் புடவையையும் கண்ட அதிகாரிகள், இவர் இந்திய இளவரசியோ என்று ஐயுற்றுக் கேட்டதாகவும், தாம் அதை மறுக்கவில்லை என்று ஜானகியே பின்னாளில் சொன்னதாகவும் அவரது குடும்பத்தார் எழுதியிருக்கின்றனர். இளவரசி என்று நினைத்தே உள்ளே விட்டார்களாம். கையில் உதவித்தொகைக் கடிதம் இல்லாதிருந்தால் அந்த இளவரசி கப்பலேயே கண்டிருக்க மாட்டார் என்பது வேறு செய்தி.

ஆன் ஆர்பர் நகரில் மகளிர் விடுதியில் தங்கி, ஹார்லி பார்ட்லெட் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். முதுகலை முடித்தவுடன் ஒப்புக்கொண்டபடி ஊர் திரும்பி, பழைய கல்லூரியில் மீண்டும் பாடம் நடத்தினார். அறக்கட்டளை அவரை மறக்கவில்லை. இரண்டாம் முறை, இம்முறை ஆய்வு நல்கையாளராகவே, அழைத்தது. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த, பெரு நாட்டைத் தாயகமாகக் கொண்ட நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1931-இல் அறிவியல் முனைவர் ஆனார். இந்தியப் பெண்ணொருத்தி தாவரவியலில் இத்தகைய பட்டம் பெறுவது அன்று மிக அரிது. இந்த இரண்டாம் அழைப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடிப்பவர்கள் பலர். கொடுத்தவரைத் தொடர்ந்து கவனித்து, அவர் மேலே போகக்கூடியவர் என்று கண்டு மறுபடியும் கை நீட்டுபவர்கள் சிலரே.

திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் 1932 முதல் இரண்டாண்டு பேராசிரியராக இருந்தார். 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் மரபியல் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர் ஜானகி அம்மாள் என்று இன்று பலரும் எழுதுகின்றனர். அது மிகை, அவருக்குத் தேவையும் இல்லை. தடித்த, இனிப்பு மிகுந்த தென்னகக் கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. ஆற்றங்கரைகளில் தானே புதராக வளரும் நாணல் எதையும் தாங்கும்; ஆனால் இனிக்காது. இரண்டையும் மணமுடித்து வைக்கும் வேலையைக் கோவை நிலையம் 1912-இல் தொடங்கப்பட்டது முதலே செய்து வந்தது. டி.எஸ். வெங்கட்ராமன் காலத்தில் அக்கலப்பு நிலைபெற்றது. அதன் முதற்பெரும் வெற்றியான கோ 205 ரகம் 1918-இல் வந்தது. அப்போது ஜானகி கல்லூரி மாணவி.

அவர் செய்தது வேறு. அந்தக் கலப்புகள் ஏன் பலிக்கின்றன, எங்கே பலிக்கா என்பதை உருப்பெருக்கியின் கீழ் கண்டு சொல்வது. இனிப்புக் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள். நாணலிலோ 40 முதல் 128 வரை, இடத்துக்கு இடம் மாறுகிறது. வெவ்வேறு நிலப்பகுதிகளின் நாணல்களைச் சேகரித்து, எண்ணி, ஒப்பிட்டு, இச்செடியின் தோற்றுவாய் இந்தியாவாக இருக்க வேண்டும் என்ற முடிவை நோக்கி நகர்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துப் பெற்ற கலப்பினம் பற்றிய அவரது குறிப்பு 1938-இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. வயற்காட்டில் ஒரு புதிய ரகம் தழைப்பதை எல்லோரும் காண்பர். அது எந்தக் கணக்கில் தழைத்தது என்பதைக் கண்டறிபவர் பெயர் வெளியே தெரிவதில்லை.

சி.வி. ராமன் தோற்றுவித்த இந்திய அறிவியல் அகாதெமி 1935-இலேயே அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்றாடப் பணியிடத்தில் நிலைமை அப்படி இல்லை. மணமாகாத பெண், மேற்சாதி அல்லாதவர், உடன் பணிபுரிவோர் எல்லோரும் ஆடவர். அந்த ஐந்தாண்டுகள் அவருக்கு எளிதாக இருக்கவில்லை என்று அவர் வாழ்வை ஆராய்ந்தவர்கள் எழுதுகின்றனர். பார்போர் அறக்கட்டளை ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கற்றதை ஊருக்குக் கொண்டு செல்லுங்கள் என்றது. ஊரில் அவருக்கு ஓர் இருக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று அது பார்க்க இயலாது. உதவித்தொகை கதவைத் திறக்கும். உள்ளே இடம் தருவது வேறு சிலர் கையில் இருக்கிறது.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் கூடிய அனைத்துலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். மாநாடு முடிந்த சில நாட்களில் போர் மூண்டது. திரும்ப வழியில்லை, அவரும் அவசரப்படவில்லை. லண்டனின் தென்புறத்தில் அப்போது இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் உயிரணுவியலாளராக வேலை கிடைத்தது. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவதும், காலையில் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துகள்களைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வதுமாக அந்த ஆண்டுகள் கழிந்ததாகக் குடும்பத்தார் சொல்வர். சிரில் டார்லிங்டனுடன் இணைந்து அவர் உருவாக்கிய, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூல் 1945-இல் வெளிவந்தது. எந்தச் செடியை எதனோடு கலக்கலாம் என்று பார்க்க விரும்பும் எவரும் புரட்ட வேண்டிய நூல் அது.

அடுத்து விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகம். அதன் ஊதியம் பெறும் அறிவியல் பணியாளர்களில் முதல் பெண் அவர். மக்னோலியா நாற்றுகளில் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைத் தடவி, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் அதே நச்சுப்பொருள்தான் இது. அந்த நாற்றுகள் வளர்ந்து மரங்களாகி விஸ்லிக் குன்றில் பூக்கின்றன; வெண்மலர் பூக்கும் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர்.

1951-இல் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு மறு ஆண்டில் அவரிடம் தரப்பட்டது. 1890-இல் ஆங்கிலேயர் தொடங்கிய நிறுவனம் அது. இந்தியச் செடிகளைப் பறித்து, உலர்த்தி, கியூ தோட்டத்துக்கு அனுப்பி, அங்கே பெயரிட்டுப் பெட்டியில் வைப்பது நெடுங்கால வழக்கம். நம் மண்ணின் செடியைப் பார்க்க நாம் கப்பல் ஏற வேண்டிய நிலை. இதை மாற்ற வேண்டும், இந்தியர் தம் தாவரங்களைத் தாமே கணக்கெடுக்க வேண்டும் என்பது ஜானகியின் உறுதியான கருத்து. 1954-இல் அரசு தலைமைத் தாவரவியலாளராக நியமித்ததோ, ஸ்பெயினில் பிறந்த பாதிரியார் சாண்டாபாவை. சாண்டாபாவின் புலமையில் குறை காண எவராலும் இயலாது. ஆனால் ஜானகியின் வேதனை புலமை பற்றியது அன்று. அழைத்து வந்து பொறுப்புக் கொடுத்துவிட்டுப் பின் நகர்த்தி வைத்தது பற்றியது.

அந்நாட்களின் ஒரு நிகழ்ச்சி என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவில், அப்பகுதியிலேயே எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிஃபித்தி மரத்தைத் தேடிப் போனார். போய்ச் சேர்ந்தபோது அது எரிக்கப்பட்டிருந்தது. உணவுப் பெருக்கம் என்ற பெயரில் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம். அரை நூற்றாண்டு அனுபவம் கொண்ட வேறொருவர் ஒரு பெருமூச்சோடு திரும்பியிருப்பார். ஜானகியின் ஆய்வுப் பாதை அதற்குப் பின் மாறிற்று என்றே நான் படிக்கிறேன். செடியின் உயிரணுவைப் பார்த்தவர், செடியை வைத்து வாழும் மனிதரைப் பார்க்கத் தொடங்கினார்.

1955 ஜூனில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஒரு கருத்தரங்கு கூடிற்று. புவியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றுகிறான் என்பது பொருள். சுற்றுச்சூழல் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதைத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வர். அழைக்கப்பட்ட அறிஞர்களில் பெண் ஜானகி ஒருவரே. இந்தியாவின் தன்னிறைவு வேளாண்மையைப் பற்றி, பழங்குடியினர் தாவரங்களை அறிந்து பேணும் முறைகளைப் பற்றி, அவற்றைப் பெருந்தானியச் சாகுபடி விழுங்குவதைப் பற்றி அவர் பேசினார். மறு ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்லிஸ் தீவில் நிறுத்திவைக்கப்பட்ட மாணவிக்கு அவரது பல்கலைக்கழகம் அளித்த மூன்றாம் அங்கீகாரம் அது.

அலகாபாத், ஜம்மு என்று பணியிடங்கள் மாறின. 1970 இறுதியில் சென்னை வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதிப்புறு அறிவியலாளராக, அதன் மதுரவாயல் வயல் ஆய்வகத்தில் குடியேறினார். மூலிகைத் தோட்டம் வளர்த்தார், பூனைகள் வளர்த்தார். 1977-இல் பத்மஸ்ரீ வந்தபோது வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த விருதால் அவர் செய்யக்கூடியது எதுவும் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. நன்றி சொன்னோம் என்ற நிறைவு நமக்குக் கிடைத்தது, அவ்வளவே.

அவரோ அப்போதும் முடிக்காத வேலையிலேயே கண்ணாக இருந்தார். பாலக்காட்டு மலைகளில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கும் திட்டம் வந்தது. எதிர்ப்பவர்கள் அணியில் எண்பது வயது ஜானகியும் சேர்ந்தார். அவர் சேர்ந்த விதம் அவருக்கே உரியது. ஏரியாகப் போகும் காட்டின் மரங்கள் ஒவ்வொன்றின் குரோமோசோம்களையும் மூழ்குமுன் கணக்கெடுத்துவிட வேண்டும் என்று துணிந்து இறங்கினார். திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில், மதுரவாயலில் பணியில் இருந்தபடியே அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இறந்தபின் பெருமைகள் பல சேர்ந்தன. வகைப்பாட்டியலில் சிறந்தோருக்கு நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அவர் பெயரால் தேசிய விருது நிறுவியது. ஜம்முவில் உள்ள உலர்தாவரக் காப்பகம் அவர் பெயரைத் தாங்குகிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் தம்பதியர் தாம் உருவாக்கிய புதிய ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர். இவை எல்லாம் நல்லவையே. ஆனால் எனக்கு நிறைவு தருவது ஜான் இன்னஸ் மையத்தின் செயல். வளரும் நாடுகளிலிருந்து வரும் முதுநிலை மாணவர்களுக்கு அவர் பெயரால் அது உதவித்தொகை அறிவித்தது. புகழ் பெற்ற ஜானகிக்கு அன்றி, 1924-இல் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்ற ஜானகிக்குச் செய்த மரியாதை அது.

நம் நாட்டில் இளநிலை ஆய்வு நல்கை 2023-இல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொகை குறைவில்லை. ஆனால் அது மாதாமாதம் வருவதில்லை என்பதை ஆய்வு மாணவர்கள் பலமுறை தெருவில் நின்று சொல்லியாயிற்று. காட்டுக்குள் மாதக்கணக்கில் தங்கிச் செடிகளைக் கணக்கெடுக்கும் மாணவருக்கு வண்டிக்கும் அரிசிக்கும் அன்றன்றே காசு வேண்டும். ஆறு மாதம் கழித்து மொத்தமாக வரும் தொகை அதற்குள் பூத்து உதிர்ந்த செடியைத் திரும்பக் கொண்டு வராது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தந்தையின் பணத்தில் காத்திருப்பர். மற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாமல் வேறு வழி தேடிக்கொள்வர். ஜானகிக்கு அறக்கட்டளை கொடுத்தது பணம் மட்டுமன்று. எப்போது மணம் என்று கேட்டவர்களிடம் காட்டுவதற்கு ஒரு கடிதத்தையும் கொடுத்தது.

குழுவின் அடுத்த கூட்டத்தில், வெளியீடுகளையும் பதக்கங்களையும் கேட்கும் கட்டங்களை முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு நீக்கிவிடலாம் என்றும், அவரே எழுதிய ஒரு பக்கத்துக்குப் பாதி மதிப்பெண் வைக்கலாம் என்றும், தேர்வானவரை மூன்றாண்டுகள் கழித்து நாமே தேடிச்சென்று மேலும் தேவையா என்று கேட்கலாம் என்றும் முன்மொழிந்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டனர். ஒருவர், அந்த ஒரு பக்கத்தை எப்படி அளப்பது என்று வினவினார். நியாயமான கேள்விதான். படித்துத்தான் அளக்க வேண்டும் என்றேன். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. குளக்கரைச் செடிகளைப் பற்றி எழுதிய அந்த மாணவி மறுபடி விண்ணப்பிக்கவில்லை.